வெளிச்சம் வந்தால் மட்டும்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம், சைக்கிளில் போன நான் ஒரு எருமையின் மேல் மோதினேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அசைபோட ஆரம்பித்தது. கூட வந்த என் கூட்டாளி சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இன்னா மாமே, கோழின்னா தெரியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன். எருமைடா! இம்மாம் பெருசா கீது!”

“நேராத்தான்டா பாத்துகினு வந்தேன்.”

“அது நேரா எங்க நின்னுச்சு? லெஃப்ட் சைடுல நின்னுகினு இருந்துச்சு.”

சொன்னவன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் நாங்கள் இருவரும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. தகட்டை அச்சில் வைத்து, கையை எடுத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். டக். அடுத்த தகடு. டக். பார்வை கொஞ்சம் பிசகினாலும் விரல் இருக்காது. அவன் இடதுபக்கமாக வந்து கையாட்டிக் கூப்பிட்டால் நான் பல நாளாகத் திரும்பிப் பார்ப்பதில்லையாம். எனக்குப் பிறவிக் கூச்சம். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டேன். அதனால் பட்டறையில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கண்ணில் வந்த கோளாறு அந்தக் கூச்சத்துக்குள் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

“கை போறதுக்குள்ள போயி கண்ணைக் காட்டு, மச்சான்” என்றான்.

ஆஸ்பத்திரிக்கு என் மனைவியும் வந்தாள். டாக்டர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரைக்கும் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய பெருமை. “பாத்தீங்களா சார், நல்லாத்தான் தெரியுது” என்றாள் மனைவி.

டாக்டர் மசியவில்லை. கண்ணுக்குள் நீலவெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே அழுத்தம் கூடி, பின்னால் இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார். “இதுக்குப் பேரு கிளாக்கோமா. வலிக்காது. ஓரப்பார்வைதான் முதல்ல போகும். நேரா நல்லாத் தெரியறதால ஆளுக்கே தெரியாது. எவ்வளவு போயிருக்குன்னு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்.”

டெஸ்ட் ஓர் இருட்டறையில் நடந்தது. பக்கவாட்டில் சாய்த்த வெள்ளைச் சட்டி போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் அங்கே வேலை பார்த்த அம்மா.

“நடுவுல இருக்கிற புள்ளியையே பாருங்க. எங்கயாவது வெளிச்சம் மினுக்குனா அமுக்குங்க. வெளிச்சம் வந்தா மட்டும்.”

ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் அந்த மெஷின் உள்ளுக்குள்ளே ‘கிர்க்’ என்று ஒரு சத்தம் போட்டது. அங்கேதான் வினை. இத்தனை வருஷம் மெஷின் சத்தத்துக்கே கையும் காலும் ஆடிப் பழகியவன் நான். கிர்க், அமுக்கு. கிர்க், அமுக்கு. தாளம் பிடிபட்டதும் குஷியாகிவிட்டது. வெளியே வந்து, “ஒண்ணைக்கூட விடல” என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன்.

அந்த அம்மா பின்னாலேயே வந்தார். “ஐயா, உங்க முதுகுக்குப் பின்னால வெளிச்சம் போட்டாக்கூட அமுக்குவீங்க போலிருக்கே! இது நடுநடுவுல வெறும் சத்தம் மட்டும் குடுக்கும். அதுக்கும் அமுக்கியிருக்கீங்க. ஆமா, கீழ காலால எதை மிதிச்சுக்கிட்டே இருந்தீங்க?”

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “இங்க வந்தும் புரொடக்சனாய்யா காட்டிகினு கீற?”

“சிரிக்கிற விஷயமில்லம்மா. பார்வை எவ்வளவு போயிருக்குன்னே தெரியலன்னா டாக்டர் எதை வச்சு மருந்து குடுப்பாரு?” என்றார் அந்த அம்மா.

மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை மனைவியும் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஸ்டூலுக்குக் கீழே உட்கார்ந்து என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் என் காலை அவ்வளவு அழுத்திப் பிடித்ததில்லை. கிர்க். விரலை அடக்கிக்கொண்டு வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன். கிர்க். ஒன்றும் வரவில்லை. கிர்க். அப்போதும் வரவில்லை. சத்தம் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. மெஷின் எங்கோ வெளிச்சம் போடுகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

“போனது திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்” என்றார் டாக்டர். காலையும் இரவும் சொட்டுமருந்து, ஆயுசுக்கும். நன்றாகத்தானே தெரிகிறது என்று நிறுத்திவிடக் கூடாது. கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், அவர்களையும் அழைத்து வந்து காட்ட வேண்டும் என்றார்.

பட்டறை முதலாளி என்னைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார். வீட்டில் மருந்து விடுவது தினமும் ஒரு கூத்து. பாட்டிலைக் கண்டதும் எனக்குக் கண் மூடிக்கொள்ளும், வாய் திறந்துகொள்ளும். “தொறக்கச் சொன்னது வாயை இல்லய்யா!” என்று அவள் போடும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். முதல் வாரம் பாதி மருந்து மூக்குக்கும் மீசைக்கும்தான் போனது. ஆனால் ஒரு வேளைகூட அவள் விட்டதில்லை.

அடுத்த வருஷம் மறுபடி டெஸ்ட். டாக்டர் போன வருஷ டெஸ்ட் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அப்படியே இருக்கு.”

மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. “இன்னா சார், இத்தினி மருந்து ஊத்தியும் கொஞ்சங்கூட தேறலையா?”

“அம்மா, இந்த நோயில அப்படியே இருக்கிறதுதான் நல்ல சேதி.”

“அப்ப இதுக்கு மேல போவலையா?” என்றாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. திரும்பும்போது பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மனைவி கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு, “வூட்டுக்காரருக்குக் கண்ணு இன்னாமே ஆச்சு, சரியாயிடுச்சா?” என்று விசாரித்தாள்.

“இல்லக்கா, அப்படியேதான் கீதாம்!” என்று என் மனைவி சந்தோஷம் தாங்காமல் கூவினாள். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.