இடம் மாறிய இரண்டு கற்கள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கல்லறைக் கல்லைக் கழுவியது. போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா தண்ணீர் ஊற்றினார், நான் பிரஷ்ஷால் தேய்த்தேன். சோப்பு கூடாது, கம்பி பிரஷ் கூடவே கூடாது, எழுத்து போய்விடும். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். கறையை அவசரப்படுத்தக் கூடாது என்பார்.

“தம்பி, கொஞ்சம் தலையைக் காட்டுப்பா,” என்று கல்லின் உச்சியில் ஊற்றினார்.

“தம்பியா? என் தாத்தா வயசும்மா அவருக்கு.”

“செத்தப்போ இருபதுதானே. அதுக்கப்புறம் எங்க வளர்ந்தான்? பேச்சைக் குறைச்சுட்டு ஓரத்துல தேய்.”

செவ்வாய்க்கிழமை, விரிப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நான் லிஃப்ட் பராமரிப்பவள். நிற்பதற்கு முன் எந்த இயந்திரமும் ஏதாவது சத்தம் கொடுக்கும். அம்மா கொடுக்கவில்லை. மறுநாள் என்னையறியாமல் அவர் போனுக்கு அழைத்தேன். என் கைப்பைக்குள் மணி அடித்தது.

இறுதிச்சடங்கு எல்லாம் முடிந்த பிறகு, அம்மாவோடு கல் கழுவ வரும் ஓய்வுபெற்ற டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அந்த ரெண்டு கல்லு விஷயம், அம்மா உன்கிட்ட சொல்லுச்சா?”

சொல்லவில்லை.

மழையில் விழுந்த இரண்டு கற்களை அம்மாவும் இவரும்தான் தூக்கி நட்டிருக்கிறார்கள். கல்லின் பின்புறம் ஓர் எண் இருக்கும். அது நிற்கும் சிமெண்ட் அடித்தளத்திலும் அதே எண். அன்று எல்லாம் சேறு. சேறு காய்ந்து உதிர்ந்த பிறகுதான் அம்மா பார்த்திருக்கிறார். கற்கள் இடம் மாறியிருந்தன.

“மாத்தி நட்டுடலாமே, மாமா?”

“அது அரை நாள் வேலைம்மா. ஆனா அதுல ஒரு கல்லைப் பார்க்க ஆள் வருதே. அந்தப் பெரியவர் தன் அண்ணன்னு நெனச்சு, வேற யார்கிட்டயோ வாராவாரம் பேசிட்டுப் போறாரு. அவருகிட்ட சொல்லாம கல்லைத் தொடக்கூடாதுன்னு உங்கம்மா ஒரே பிடிவாதம். வர்ற ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன்னுச்சு. எனக்கு அந்த தைரியம் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். எண்களைச் சரிபார்த்தேன். மாறித்தான் இருந்தன.

பெரியவர் மடக்கு நாற்காலியை இடம் மாறிய கல்லருகே போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாம்மா. உங்கம்மா ஏதோ பேசணும்னாங்களே. பின்னாடி வர்றாங்களா?”

சொல்ல வேண்டியவை இரண்டாகிவிட்டன. நான் புல்லில் உட்கார்ந்தேன்.