பதினான்கு பேசிக்குகளும் நிற்காத ஒரு கல்லும்

டாஃபின் ஊர்க் கர்லிங் கூடத்துக்குப் பனித்தளம் போடுகிறவன் நான். கனத்த கல்லைப் பனியில் வளைந்து வழுக்கிப் போகவிட்டு, எதிர்முனையில் இருக்கும் வளையங்களுக்குள் நிறுத்துவதுதான் கர்லிங். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஊரில் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஏப்ரலில் தளம் உருகிச் சாக்கடைக்குப் போகும். மதிப்பும் கூடவே போய்விடும். பிறகு ஐந்து மாதம் வீட்டில் ஓய்வெடுப்பேன். என் மனைவி லோரெய்ன் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

ஐம்பத்தாறு வயதான அந்த ஏப்ரலில், கணினியில் ஒரு கர்லிங் விளையாட்டை நானே எழுதுவது என்று முடிவுசெய்தேன். பள்ளிக்கூடத்தில் பேசிக் என்ற கணினி மொழி கொஞ்சம் கற்றிருந்தேன். திரை முழுக்க 'ஒரெஸ்ட்' என்று என் பெயரை ஓடவிட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கியதுதான் அதில் நான் தொட்ட உச்சம்.

தேடிப் பார்த்தபோது, பேசிக் இப்போது ஒன்றல்ல, ஒரு கூட்டமே இருந்தது. எல்லாம் இலவசம். ஒன்றில் படம் வரைவது சுலபம், சத்தம் வராது. இன்னொன்றில் சத்தம் பிரமாதம், கையேடு பாதியில் நின்றுபோயிருந்தது. மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. மதிப்பெண் அட்டவணை ஒன்று போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மே மாதத்தில் அதில் ஒன்பது பேசிக் இருந்தன; ஜூனில் பதினான்கு.

"கல்லு ஓடுதா?" என்று லோரெய்ன் கேட்டாள்.

"முதல்ல எதுல எழுதறதுன்னு தீர்மானிக்க வேண்டாமா?"

"இந்த ஃப்ரிட்ஜ வாங்கறதுக்கே நாம ஒரு தடவதான் கடைக்குப் போனோம்."

அட்டவணையை இணையத்தில் ஒரு பொழுதுபோக்குக் குழுவிலும் போட்டேன். அங்கே என்னை நிபுணன் என்று நினைத்துவிட்டார்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். நான் எழுதிய ஒரே விஷயம் அதுதான். ஊர் நூலகத்தின் ஹில்டா ஃப்ரீசெனுக்கு இது எப்படியோ தெரிந்து, ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் 'விளையாட்டு செய்யலாம் வாங்க' என்று அங்கேயே ஒரு கூட்டம் ஏற்பாடு செய்து என்னைப் பேசக் கூப்பிட்டார். நான் மறுத்திருக்க வேண்டும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஆறு பேர் வந்திருந்தார்கள், லோரெய்னையும் சேர்த்து. முன்வரிசையில் மிர்னா. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், எங்கள் பெண்கள் அணியின் தலைவி. அட்டவணையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். மிர்னா கை தூக்கினாள்.

"எல்லாம் சரிப்பா. நீ செஞ்ச விளையாட்டக் காட்டு."

"இன்னும் ஆரம்பிக்கல."

"எப்பலேர்ந்து ஆரம்பிக்கல?"

"ஏப்ரல்லேர்ந்து."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றாள் லோரெய்ன், பின்வரிசையிலிருந்து. அவளை யாரும் கேட்கவில்லை.

ஹில்டாதான் இரக்கப்பட்டார். "இங்க கணினில ஒரு பேசிக் இருக்கு, ஒரெஸ்ட். அதுலயே கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

என் அட்டவணையில் அது பதினொன்றாவது இடம். எழுத்து வடிவம் பிடிக்காமல் நான்தான் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். சிவப்பாக ஒரு வட்டம், அதுதான் கல். வலது பக்கம் இலக்கு வளையங்கள். நிரல் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் கல் கொஞ்சம் நகர வேண்டும். மொத்தம் பன்னிரண்டு வரி. ஓட்டினேன். கல் கிளம்பியது, வளையங்களைக் கடந்தது, திரையை விட்டே வெளியே போய்விட்டது.

"போன வருஷம் நீ போட்ட தளமும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் மிர்னா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என் தளத்தைச் சொல்லக் கூடாது. கல் ஏன் நிற்கிறது என்பது இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். கல் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே படுத்துவிட்டது. ஒரு பங்காக மாற்றினேன். மெல்ல மெல்ல வேகம் தணிந்து வளையத்துக்குள் போய் நின்றது. நாலு மாதத்தில் நான் செய்த முதல் காரியம். கைதட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"கல்லு வளையவே இல்லையே," என்றாள் மிர்னா. "நேராப் போனா அது கர்லிங்கா? தள்ளு, நான் பாக்கறேன்."

என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு பேரும் கணினியைச் சுற்றிக்கொண்டு, எவ்வளவு வளைய வேண்டும் என்று சண்டை போட்டார்கள். ஐந்து மணிக்கு ஹில்டா விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்ட பிறகுதான் கிளம்பினார்கள்.

அந்தப் பதினொன்றாவது பேசிக்கிலேயே செப்டம்பருக்குள் விளையாட்டை முடித்தேன். இப்போது கர்லிங் கூடத்து ஓய்வறைத் தொலைக்காட்சியில் அது ஓடுகிறது. புள்ளிகளைக் கூட்டுவதில் மட்டும் எங்கோ பிழை இருக்கிறது, பிடிபடவில்லை. மற்றவர்கள் தாளில் குறித்துக்கொள்கிறார்கள். லோரெய்னைக் கேட்டால், தான் அந்தப் பக்கமே போவதில்லை என்பாள். ஆனால் திரையில் முதல் மூன்று இடத்திலும் அவள் பெயர்தான் இருக்கிறது. கூட்டல் தப்பு என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதைச் சரிசெய்யவே வேண்டாம் என்கிறாள்.