கிளட்சுக்கு ஒரு கால்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வாங்கிய முதல் கார் எனக்கு மூத்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன வண்டி. உருண்டை முதுகு, தவிட்டு நிறம். கண்ணாடியை இறக்கினால் ஏற்றுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். இப்போது அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் வாங்கியது தினமும் மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க.

அதற்கு முன்பெல்லாம் எறணாகுளம் வரை போட், அங்கிருந்து பஸ். ஓர் ஐப்பசி மழையில் போட் ஜெட்டிப் பலகையில் வழுக்கி இடது காலை ஒடித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும் பஸ் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று நான் போய் நிற்காவிட்டால், வேறு டீச்சரை நிரந்தரமாகப் போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். வீட்டில் எல்லாருக்கும் அது நல்லதாய்ப் போயிற்று. என் கணவர்தான் அதில் முதல் ஆள்.

"போட்டும், வேலையை விட்டுடு. இந்தக் காலை வச்சுண்டு எதுக்கு அலையணும்?" என்பார், என்னவோ எனக்கு வரம் கொடுக்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கால்தானே ஒடிஞ்சது? கணக்கா மறந்துடுத்து?" என்று ஒருநாள் கேட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பே பாலக்காட்டில் அண்ணாவின் காரில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்தவள் நான். என் கணவருக்கோ ஒரு கண்ணில் பார்வை போதாது. லைசென்ஸ் கேட்கவே முடியாது. டிரைவர் வைப்பதெல்லாம் எங்களுக்கு எட்டாத சமாசாரம். என் வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்து, கார் வாங்கப் போகிறேன் என்றேன். அத்துடன் பேச்சு முடிந்தது.

கார் ஒரு சுக்கு வியாபாரியின் கிடங்கு முற்றத்தில் நின்றது. அவருடைய டிரைவர் எங்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நான் பின்சீட்டில். அது மாமனார் உத்தரவு. நல்ல நேரத்தில் வண்டி கைக்கு வருவதற்கு முன்னால் நம் மனிதர்கள் யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதாம். சரி, கிழவரை எதற்குப் பகைத்துக்கொள்வது என்று விட்டுவிட்டேன்.

வண்டி எடுக்கிற நாளும் வந்தது. சந்தனம் குங்குமம் இட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்போதுதான் மாமனார் கவனித்தார், வண்டியின் மூஞ்சி சுவரைப் பார்த்து இருந்தது. பின்னால் எடுத்துத்தான் வெளியே வர முடியும்.

"மொதல் அடியே பின்னாலயா? படாது, படாது!"

"பின்னே, சுவரை இடிச்சுண்டா போறது அப்பா?" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

முற்றத்தில் சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. தலைமுண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். "சேச்சி, மாறி நில்லு!" என்று என்னை ஒதுங்கச் சொன்னார் ஒருவர். ஏழெட்டுப் பேர் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து, "ஒத்துப் பிடிச்சோ, ஐலசா!" என்று தூக்கித் தூக்கி நகர்த்தி, மூஞ்சியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். மாமனார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எலுமிச்சம்பழங்களை எடுத்து மறுபடி வைத்தார்.

நான் ஏறி உட்கார்ந்து கிளட்சை அமுக்கினேன். கால் பாதிகூடப் போகவில்லை. முட்டியில் சுரீர் என்றது. மறுபடி அமுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். நேரம் பார்த்தோம், திசை பார்த்தோம், எலுமிச்சம்பழம் அழுகலா என்றுகூடப் பார்த்தோம். ஒடிந்த காலால் கிளட்சை அமுக்க முடியுமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. கணக்கு டீச்சராம், கணக்கு டீச்சர்!

வேலை போயிற்று என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன். இடப்பக்கக் கதவு திறந்தது. என் கணவர் ஏறி உட்கார்ந்தார். விட்டுடு என்று இப்போது சொன்னால் கடித்தே விடுவேன் என்று இருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கியர்க் கம்பிக்கு முன்னால் வலது காலை நுழைத்து, என் காலை ஒதுக்கி, கிளட்சின்மேல் வைத்தார்.

"நீ சொல்லு. நான் சவிட்டறேன்."

"உங்களுக்கு வண்டின்னா என்னன்னே தெரியாதே!"

"கால் வச்சு அமுக்கறதுக்கு என்ன தெரியணும்? சொல்லு."

"ம்" என்றேன். அமுக்கினார். கியர் போட்டேன். அவர் படக்கென்று காலை எடுக்க, வண்டி ஒரு குதி குதித்து எலுமிச்சம்பழத்தை நசுக்கி அணைந்துவிட்டது. சுமட்டுக்காரர்கள் கூவிக் கைதட்டினார்கள்.

அப்படியே பழகினோம். "ம்" என்றால் அமுக்கணும், "ஆச்சு" என்றால் மெதுவாக விடணும். அவர் மெதுவாக விட்டதே இல்லை. தோப்பும்படிப் பாலம் ஏறும்போது வண்டி அணைந்து, பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, நாங்கள் உள்ளே சண்டை போட்டிருக்கிறோம். ஆனாலும் பள்ளிக்கூடம் திறந்த அன்று மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருந்தேன். என்னை விட்டுவிட்டு அவர் பஸ் பிடித்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பி, மிளகுத் தரகர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி பஸ் ஏறி வருவார். அலைச்சல் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்காது. அதைச் சொல்லத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் திட்டுவேன்.

ஓணம் கழிந்து ஒருநாள் காலை, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். "ம்" சொல்ல நேரமில்லை. பிரேக்கோடு என் இடது கால் தானாகப் போய்க் கிளட்சை அமுக்கிவிட்டது. என் கணவரின் கால் பிந்தி வந்து என் கால்மேல் விழுந்தது. வண்டி அணையாமல் நின்றது. இரண்டு பேரும் கீழே பார்த்தோம். வலிக்கத்தான் செய்தது, ஆனால் கால் முழுசாகப் போயிருந்தது. நானே கியர் மாற்றி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

அவர் காலை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஓரமா நிறுத்து" என்றார்.

இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் இறங்கியதும் பிடிக்கவில்லை.

"தனியாப் போயிடுவியோ?"

"போயிடுவேன்."

வண்டிக் கூரையில் கையை வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் பார்த்து வா, கேட்டியா. நாளைக்கும் பள்ளிக்கூடம் போகணுமாக்கும்" என்றார்.