தம்பி காருக்குப் பெயிண்ட் அடித்த தை மாதம்

சில்வர் கலர் கார் எதைப் பார்த்தாலும் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அது யார் வீட்டுக் கார், யார் ஓட்டுகிறார்கள் என்பதெல்லாம் வயிற்றுக்குத் தெரியாது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் அந்தக் கலரில் வரிசையாகப் போகின்றன. எத்தனை முறைதான் எரிவது?

தம்பி வாங்கியபோது அவன் கார் வெள்ளை. வெள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பல கை மாறி வந்த வண்டி. மேல்கூரையில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது, கதவோரமெல்லாம் துரு. ஆனாலும் எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அது. தஞ்சாவூரில் ஒரு ஆபீசில் அவனுக்கு வேலை. லீவுக்கு அதில் வந்து இறங்கியபோது அம்மா சூடம் காட்டித் திருஷ்டி கழித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய்.

அந்தத் தை மாதம் பண்ணை வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பண்ணை வீடு என்றால் ஒரு காலத்தில் எங்கள் ஊர் நிலம் மொத்தத்தையும் வைத்திருந்தவர்கள். என் அப்பா அவர்களிடம் பண்ணையாள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார் என்று அவரை அடித்தார்கள். அதற்கப்புறம் அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பியதே இல்லை. பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. கோர்ட்டு, கேஸ் என்று இழுத்தது. ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. நிலத்தைத் தாங்கள்தான் கொடுத்ததாக ஒவ்வொரு கட்சியும் சுவரில் எழுதிக்கொண்டது. கடைசியில் பண்ணையின் உபரி நிலத்தில் ஒரு துண்டு அப்பா பெயருக்குப் பட்டாவாகி வந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். அப்பாவும் போன பிறகு அந்த வயலில் இறங்கினேன். தம்பி படித்தது அந்த நிலத்தின் நெல்லில்.

பண்ணை வீட்டு மகன் தாம்பாளத் தட்டோடு எங்கள் தெருவுக்கே வந்து பத்திரிகை வைத்தார். அதுவரை அந்த வீட்டு மனிதர் யாரும் எங்கள் வாசலில் கால் வைத்ததில்லை.

"குடும்பத்தோட வந்துடணும் தம்பி" என்று அவர் சொன்னதும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் பத்திரிகையை அலமாரியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

"இந்தக் காரை எடுத்துக்கிட்டு எப்படிக்கா அவங்க வாசல்ல போயி நிக்கிறது?" என்று பின்னாலேயே வந்து கேட்டான்.

கும்பகோணத்துப் பட்டறையில் இரண்டு வாரமாவது ஆகும் என்றார்களாம். அவ்வளவு நாள் இல்லை. போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். யாரோ ஒருவன் தன் வீட்டு வாசலில் நின்றபடி காருக்குப் பெயிண்ட் அடிக்கிறான், கார் புதுசாகிவிடுகிறது. கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்ப்ரே கன், அடியில் பெயிண்ட் ஊற்ற ஒரு டப்பா, பின்னால் ஒயர். கம்ப்ரசர் வேண்டாமாம், வீட்டுக் கரண்டே போதுமாம். விலை கொள்ளை மலிவு.

"பட்டறைக்காரன் செய்யிறதை இதுவும் செய்யும்க்கா."

"அப்ப அவன் ஏன் இதை வாங்கல?" என்றேன்.

எதை வைத்து அடிப்பது என்பது முடிவானது. எங்கே அடிப்பது என்பதில்தான் வம்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரில் ஊர்ப் பொதுக் களம், சிமெண்டுத் தளம் போட்டது. சம்பா அறுத்து என் நெல் முழுவதும் அதில்தான் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் போனால்தான் அரசுக் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். அங்கே என் முறை எப்போது வரும் என்று தினமும் நடந்துகொண்டிருந்தேன். விற்பதற்கு, வருஷம் முழுக்கச் சாப்பிடுவதற்கு, அடுத்த விதைப்புக்கு, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த ஒரே நெல்தான். பழைய அரிசி பொங்கலோடு தீர்ந்திருந்தது.

"நெல்லு போனப்புறம் அடிச்சுக்கடா."

"கல்யாணம் நாளன்னிக்குக்கா. தெருவுல அடிச்சா மண்ணு பறந்து பெயிண்ட்ல ஒட்டிக்கும். களத்துலதான் சுத்தமான தரை."

அம்மா குறுக்கே புகுந்தாள். "ஓரமா நின்னு அடிச்சுக்கட்டுமேடி. நெல்லு மேலயா அடிக்கப் போறான்?"

அம்மா பேசினால் எங்கள் வீட்டில் அதுதான் தீர்ப்பு. மகன் பக்கம்தான் எப்போதும் தீர்ப்பாகும்.

காலையிலிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். துருப்பிடித்த இடங்களில் பட்டி வைத்து மறுபடியும் தேய்த்தான். வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, சில்வர் பெயிண்டை டப்பாவில் ஊற்றி, முதலில் ஒரு அட்டைப்பெட்டியில் அடித்துப் பார்த்தான். கன் சீராக அடிக்கவில்லை, பொத்துப் பொத்தென்று துப்பியது. தின்னரைக் கூட்டினான். அதன் பிறகு கதவில் அடித்தால் கோடு கோடாக வழிந்தது. நான் சிரித்துவிட்டேன். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நீ போக்கா, உன் வேலையைப் பாரு."

நெல்லின் மேல் தார்ப்பாயை மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பினேன். மறுநாள் உங்கள் முறை, விடிந்ததும் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் வந்த வழி தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் களத்துக்கு வந்தால் கார் வெள்ளிச் செம்பு மாதிரி மின்னிக்கொண்டு நிற்கிறது. அதைவிட ஆச்சரியம், என் நெல் முழுவதையும் தம்பி அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தான். படித்துவிட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து அவன் நெல்லைத் தொட்டதே இல்லை.

"பனி விழுமேன்னு குவிச்சு வச்சேன்க்கா" என்றான்.

நான் உருகிப்போய்விட்டேன். அன்றைக்கு அவனுக்கு முட்டை வாங்கிவந்து பொரித்துக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

விடியலில் மூடுபனி. ஆட்கள் வந்து மூட்டை பிடித்தார்கள். தின்னர் வாடை அடித்தது. பக்கத்தில் கார் நிற்கிறதே, அதுதான் என்று நினைத்தேன். மூட்டை தைத்த பெண் ஒருத்தி, "என்னக்கா, நெல்லு மினுக்குது?" என்று கேட்டாள்.

"பனிடி" என்றேன்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டையைக் குத்தூசியால் குத்தி, நெல்லைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார் அங்கிருந்தவர். முகர்ந்தார். அடுத்த மூட்டையில் குத்தினார். அதற்கடுத்ததிலும் குத்தினார். எல்லாவற்றிலும் பொடிப் பொடியாக வெள்ளி.

"என்னம்மா கலந்தீங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. என் நெல்லைப் பார்த்து அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கெட்ட மனிதரும் இல்லை, குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னார்.

"சனங்க திங்கிற நெல்லும்மா. பெயிண்ட் வாடை அடிக்குது. நான் எப்படி எடுக்கிறது, நீங்களே சொல்லுங்க."

மூட்டைகள் திரும்பக் களத்துக்கே வந்து இறங்கின. தம்பி காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

நான் அதட்டியதும் எல்லாம் வந்தது. நான் போன பிறகு ஒரு டிராக்டர் தெருவில் போய்த் தூசியைக் கிளப்பியிருக்கிறது. பெயிண்டில் தூசி விழக்கூடாது என்று காருக்குத் தெருப் பக்கமாக மறைப்புக் கட்டியிருக்கிறான். மறைப்புக்கு என் தார்ப்பாய். திறந்து கிடந்த பக்கத்தில் என் நெல். அந்த மலிவுக் கன்னிலிருந்து காரில் படிந்தது பாதி, புகையாகக் காற்றில் போனது பாதி.

"மேலாப்புலதான்க்கா பட்டுச்சு. நீ பாத்தா சத்தம் போடுவேன்னு, பலகையால தள்ளி நல்லாக் கலந்துவிட்டுட்டேன்."

மேலாப்பில் பட்டதை அப்படியே விட்டிருந்தால் மேலாக வாரிக் கொட்டிவிட்டு மற்றதைக் காப்பாற்றியிருப்பேன். பனிக்காகக் குவித்தேன் என்றானே, மறைக்கக் குவித்தது அது. அறையக் கை ஓங்கினேன். வேலையில் இருக்கிற ஆம்பளைப் பிள்ளையைத் தெருவில் வைத்து எப்படி அடிப்பது? இறக்கிக்கொண்டேன். அதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

"நல்ல நெல்லோட கொஞ்சங் கொஞ்சமா கலந்து போட்டா தெரியாதுக்கா" என்றான்.

"யாரு வீட்டு நல்ல நெல்லுடா?"

அம்மா ஓடி வந்தாள். "நெல்லு போனா அடுத்த போகம் வெளையுது. நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போற புள்ளையை ஏண்டி கரிச்சுக் கொட்டுற?"

அடுத்த போகமாம். மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது எங்கள் வாய்க்கால் வரைக்கும் வந்து, நாங்கள் எடுப்பதே வருஷத்துக்கு ஒரு போகம். அம்மாவுக்கும் அது தெரியும். மகன் என்று வந்துவிட்டால் அவளுக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கார் பளபளத்தது. கிட்டப் போனால் சாத்துக்குடித் தோல் மாதிரி சொரசொரவென்றிருந்தது. நான் போகவில்லை. களத்தில் உட்கார்ந்து ஒரு முறம் நெல்லைப் புடைத்துப் பார்த்தேன். வெள்ளி உதிரவில்லை, உமியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு பிடி குத்தி அரிசியை முகர்ந்தால் அதிலும் தின்னர். கோழிக்குப் போட்டேன். கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கார் வந்தது. அம்மா வாயெல்லாம் பல்லாக இறங்கினாள்.

"நம்ம கார்லதான்டி மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை எல்லாம் டேஷன்லேருந்து அழைச்சாங்க. அவங்க டிரைவர் ஒருத்தன் வரலையாம். 'தம்பி, நீ போயி ஏத்திக்கிட்டு வந்துடு'ன்னு பத்திரிகை வச்சவரு எவ்வளவு உரிமையா சொன்னாரு தெரியுமா? காலையிலேருந்து புள்ளை ஓயலை. சாமான் வாங்க, ஐயரைக் கொண்டுபோயி விட, எல்லாத்துக்கும் இவன்தான்."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காரின் பின் சீட்டெல்லாம் செருப்பு மண். பெட்டி உரசிப் புதுப் பெயிண்டில் நீளமாகக் கீறல் விழுந்திருந்தது.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா... நான் வர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சிருச்சு."

உள்ளே கூப்பிட்டுத் தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். பசி, வேகமாகப் பிசைந்து வாயில் வைத்தான். இரண்டாவது வாயில் நிறுத்தினான்.

"என்னக்கா, சோறு ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"ரேஷன் அரிசி" என்றேன். "இனி வருஷம் பூரா இதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடிக்கிறவரை நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.