எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர்

1. வார்டிலிருந்து வந்த போன்

ஆபீஸைத் திறந்து ஃபேனைக்கூடப் போடவில்லை, போன் அடித்தது. எங்கள் சாஃப்ட்வேரை ஓட்டும் தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு நர்ஸ்.

“மேடம், மருந்து அளவெல்லாம் ஒரு மாதிரி வருது. எல்லாக் கொழந்தைக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முழுசு முழுசா காட்டுது. அரை எம்.எல்.லே யாருக்கும் வரல. ஏதாவது மாத்துனீங்களா?”

முந்தின நாள் மாற்றியிருந்தோம். ஆனால் மருந்தில் இல்லை, பில்லில். பில் தொகையில் பைசா வரக்கூடாது என்று மருத்துவமனை அக்கவுண்ட்ஸில் கேட்டிருந்தார்கள். எங்கள் டெவலப்பர் பாஸ்கர் அதை மாற்றி, பில்லிங் முழுவதையும் டெஸ்ட் செய்துவிட்டுத்தான் அனுப்பினார்.

“ஸ்கிரீன நம்பாதீங்க சிஸ்டர். கையால கணக்குப் போட்டுக் குடுங்க. நான் பழசத் திரும்ப ஏத்திடுறேன்” என்றேன்.

“ஒரு கொழந்தைக்குக் குடுத்துட்டாங்க மேடம். பாயிண்ட் ஆறு குடுக்கணும். ஒண்ணு குடுத்திருக்காங்க.”

2. காமன்

எங்கள் ப்ராஜெக்ட்டில் எல்லோருக்கும் பொதுவாக ‘காமன்’ என்று ஒரு டைரக்டரி, அதாவது ஃபோல்டர், இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாத ஃபைலையெல்லாம் அதில்தான் போடுவோம். தேதி, பெயர், வரி, எடை எல்லாம் ஒரே குவியல். ஆரம்பத்தில் எழுதியவர்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். எண்ணை ரவுண்ட் செய்யும் ஃபங்ஷன், அதாவது புள்ளிக்குப் பின்னால் வருவதைச் சுருக்கும் சின்ன புரோகிராம் துண்டு, அந்தக் குவியலில் இருந்தது. பில்லிங்கும் அதைத்தான் கூப்பிட்டது, மருந்து அளவும் அதைத்தான் கூப்பிட்டது. பாஸ்கர் மாற்றியது இந்த ஃபங்ஷனைத்தான்.

பாஸ்கர் தேடாமல் இல்லை. அந்த ஃபங்ஷனை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தபோது பில்லிங் ஃபைல்களும், பெயரைப் பார்த்தால் பில்லிங் போலவே தெரிந்த ஒரு கால்குலேஷன் ஃபைலும் வந்தன. மருந்து அளவு அந்தக் கால்குலேஷன் ஃபைல் வழியாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கும் அது தெரியாது.

இதையெல்லாம் தனித்தனி மாட்யூலாகப் பிரிக்க வேண்டும் என்று நான் முதலாளியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். “ஓடிக்கிட்டுத்தானே இருக்கு ஸ்டெல்லா, அதப் போயி ஏன் கிளறணும்?” என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டிருந்தது.

3. வார்டு வாசலில்

நானும் முதலாளியும் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தையை ஒரு நாள் கண்காணிப்பில் வைக்கிறோம், பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். முதலாளி அவரோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்தேன்.

குழந்தையின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வைத்திக்குப்பத்துப் பெண், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். டாக்டர் அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லியிருந்தார்.

“நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் ஆளுங்களா?”

“ஆமாம்மா.”

“மருந்து ஜாஸ்தியாயிடுச்சாமே. எப்படி ஜாஸ்தியாவும்? அளந்துதானே குடுக்கறாங்க?”

அளவைச் சொல்வதே எங்கள் புரோகிராம்தான் என்றேன். பில்லுக்காகச் செய்த மாற்றம் மருந்தில் போய் விழுந்துவிட்டது என்றேன்.

“பில்லுக்கும் மருந்துக்கும் என்னாம்மா சம்பந்தம்?”

பதினாறு வருட சர்வீஸில் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியை எந்த கிளையண்ட்டும் கேட்டதில்லை. சம்பந்தம் இல்லைதான் என்றேன்.

“இனிமே இப்படி வராதில்ல?”

“வராது” என்று சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மறுநாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது என்று நர்ஸ் போனில் சொன்னபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

4. பிரித்தது

“பாஸ்கர வேலைய விட்டு அனுப்பிடலாம். ஆஸ்பத்திரிக்கு நாம ஏதாவது செஞ்சோம்னு காட்டணும்ல” என்றார் முதலாளி.

பாஸ்கருக்கு வீடு அரியாங்குப்பம். மில் மூடியதிலிருந்து வேலையில்லாத அப்பாவும், ஸ்கூல் போகும் தங்கையும் அவர் சம்பளத்தில்தான்.

“அவர அனுப்பினாலும் அந்த ஃபோல்டர் இங்கயேதான் சார் இருக்கும். அடுத்தாப்ல வர்றவரும் அதுலதான் கைய வைப்பாரு. அவர வெச்சுக்கிட்டுப் பிரிக்கலாம். இல்லன்னா நானும் போயிடறேன்” என்றேன். சவால் விடவில்லை. எனக்கு உண்மையிலேயே போதும் போதும் என்றிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னமோ பண்ணுங்க.”

பண்ணினோம். பில்லிங், பார்மஸி, வார்டு, லேப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டைரக்டரி. ஒன்று இன்னொன்றின் உள்ளே கை நீட்டக்கூடாது. வெளியே கொடுப்பதற்கென்று வைத்த ஒரு ஃபைல் வழியாகத்தான் கேட்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஒரு ஃபைலை நகர்த்தினால் வேறெங்கோ நாலு உடையும். ‘பேஷன்ட்’ என்ற ஒரே ஃபைலுக்காக ஒரு வாரம் வாதாடினோம். வார்டுக்குப் பேஷன்ட் என்றால் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தை. பில்லிங்குக்கு, பணம் கட்டும் அப்பா. கடைசியில் இரண்டாக உடைத்தோம். ரவுண்ட் செய்யும் ஃபங்ஷனும் இரண்டானது.

“மாசக்கணக்கா என்னா பண்ணீங்கன்னு கேட்டா நான் எதக் காட்டறது? ஸ்கிரீனு அப்படியேதான இருக்கு?” என்றார் முதலாளி. அவர் சொன்னதும் நியாயம்தான்.

வேலை முடிந்த மாதமே பாஸ்கர் பேப்பர் போட்டார். ஹோட்டல் ரூம் புக்கிங் செய்யும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது.

“அங்க தப்பு பண்ணா ஒருத்தருக்கு ரூம் கெடைக்காதுக்கா. அவ்ளோதான். எனக்கு அது போதும்.”

அவருடைய ராஜினாமாக் கடிதத்தை முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

ஃபைலை எந்த டைரக்டரியில் வைப்பது என்பது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. அதைத் தொடுமுன் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அந்த இடம்தான் சொல்கிறது. எல்லோருக்கும் பொது என்று வைத்தால், கேட்பதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். இரண்டு ஃபங்ஷன் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். இரண்டும் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பில்லிங்கில் அதற்குப் பிறகு எவ்வளவோ மாற்றிவிட்டோம். வார்டில் யாருக்கும் அது தெரியாது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றுக்காக யாரும் வந்து பாராட்டிக் கை கொடுக்க மாட்டார்கள். அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் பிரித்து வையுங்கள்.