கடையில் வாங்கியது என்றேன்

காரைக்குடி மார்க்கெட்டில் மீன் வெட்டுவது என் வேலை. மீன் விற்கிறவன் இல்லை. வாங்கி வருகிறவர்களுக்குச் செதில் உரசி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பேன். படிப்பு நாலாவது வரைக்கும். கல்லல் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. மழை இல்லாமல் வரிசையாகச் சில வருடம் போனதில் டவுனுக்கு வந்தேன். கிடைத்தது இந்த வேலை.

விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்டால் மார்க்கெட்டில் வேலை என்பேன். காய்கறிக் கடை, மளிகைக் கடை என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்த மாட்டேன்.

மகள் ஐந்தாவது படித்தபோது நடந்தது இது. அவளுடைய வகுப்பு டீச்சருக்கு மாறுதல் வந்தது. தொண்டிப் பக்கம் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை செய்து கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கடலுக்கு அடியில் என்னென்ன இருக்கிறதோ அதுதான் படம். வரையக் கூடாது, அச்சுக் குத்தித்தான் செய்ய வேண்டும். கடையில் வாங்கினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப்பில் வந்ததை என் மனைவி படித்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குனிந்த தலை நிமிராது. அன்று வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகள் தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி ஊதா மையில் தொட்டுக் குத்தியிருந்தாள். கடல் பூ என்றாள். பேனா மூடியின் வாயால் குத்தினால் வட்டம் வட்டமாக விழுந்தது, அது நீர்க்குமிழி. வாழை மட்டையை நறுக்கிக் குத்தியது வலை மாதிரி இருந்தது. எல்லாம் சரியாக வந்திருந்தது. மீன் மட்டும் வரவில்லை. உருளைக்கிழங்கில் செதுக்கிக் குத்திப் பார்த்திருக்கிறாள்.

"செருப்பு மாதிரி இருக்கேத்தா" என்றேன்.

"எனக்கே தெரியுது. நீங்க வேற சொல்லாதீக" என்றாள்.

வீட்டுக் குழம்புக்கு நாலு ஜிலேபி மீன் கொண்டுவந்திருந்தேன். அகலமான மீன், செதில் வரிசை தெளிவாக இருக்கும். ஒன்றை எடுத்தேன். உப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்பைக் கழுவினேன். துண்டால் ஒற்றி எடுத்தேன். செவுளுக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்தேன், ரத்தம் வராமல் இருக்க. முதுகுச் செட்டையை விரித்துக் குண்டூசி குத்தினேன். அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பஞ்சில் மை தொட்டு மீன் மேல் ஒற்றச் சொன்னேன்.

முதலில் மீனைத் தூக்கித் தாளில் வைத்து அமுக்கினோம். கறையாக அப்பியது. பிறகு நான் மீனைத் தரையிலேயே வைத்து, மெல்லிய தாளை அதன் மேல் விரித்து, கட்டைவிரலால் தலையிலிருந்து வாலுக்குத் தடவினேன். செதிலை எந்தப் பக்கம் தடவினால் படியும், எந்தப் பக்கம் தடவினால் நிமிரும் என்பது எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்றும் சொல்லலாம். நாலாவது தாளை உரித்தபோது மீன் அப்படியே இருந்தது. ஒவ்வொரு செதிலும், செட்டையில் ஒவ்வொரு முள்ளும். கண் மட்டும் விழவில்லை. அதற்குப் பேனா மூடியால் ஒரு வட்டம் குத்தினாள்.

"நீந்துதுப்பா" என்றாள்.

வெட்டி நீல அட்டையில் ஒட்டினோம். இத்தனை வருடத்தில் என் கையால் ஒரு மீன் முழுசாக நின்றது அன்றைக்குத்தான்.

மனைவி வந்து கையில் எடுத்தாள். அழகாக இருக்கிறது என்றாள். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏங்க, கவுச்சி அடிக்குது."

நான் வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலைக்கு வந்த புதிதில் அந்த வாடையில் சோறு இறங்காது. பிறகு என் மூக்கு அதை விட்டுவிட்டது. உனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டித் தட்டினாள். முன்னைக்கு இப்போது மோசம் என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டிவிட்டாள். அதுதான் தப்பு. இரண்டு நாள் அது கவருக்குள்ளேயே வெந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வழியனுப்பு விழா. பெற்றோர்களும் வரலாம் என்றார்கள். எலுமிச்சம்பழம் போட்டு இரண்டு தடவை கை கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். பின்னால் சுவரோரமாக நின்றேன். பக்கத்தில் பேன்ட் சட்டையில் ஒருவர் நின்றார், அவரும் ஒரு பிள்ளையின் அப்பா.

டீச்சர் ஒவ்வொரு அட்டையாகப் பிரித்துக் காட்டினார். எங்கள் கவரைக் கிழித்ததும் முன் வரிசையில் ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தியது. அப்புறம் நாலைந்து பிள்ளைகள் பொத்தின. சிரிப்பு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதை யார் செய்தது என்று கேட்டார்.

என் மகள் எழுந்தாள்.

"நானும் எங்கப்பாவும் டீச்சர். நெச மீன வச்சு எடுத்தது. எங்கப்பா மார்க்கெட்ல மீன் வெட்டுறாக."

சத்தமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. திரும்பி என்னைக் கையால் காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவர் என் காதுக்குப் பக்கத்தில், "அதான் மணக்குதாக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். சும்மா சொன்னார்.

"அப்படிங்களாய்யா? நீங்களா செஞ்சீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர். கடையில வாங்குனது. பிள்ளை சும்மா சொல்லுது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை தலை திரும்பியது போதும்போல எனக்கு. வாய் தானாகச் சொன்னது. கடையில் வாங்கக் கூடாது என்பதுகூட அப்போது ஞாபகம் இல்லை.

மகள் நின்றுகொண்டே இருந்தாள். இல்லை என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"பரவாயில்லம்மா, உக்காரு" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

வீட்டுக்கு மொபெட்டில் வந்தோம். எப்போதும் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்று பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஐஸ் வாங்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அழுதிருந்தாலும் திட்டியிருந்தாலும் எனக்குத் தேவலை.

வீட்டில் என் மனைவி அட்டை எப்படி என்று கேட்டாள். அம்மாவிடம் சொல்லப்போகிறாள் என்று நான் வாசலிலேயே நின்றேன்.

"டீச்சருக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சும்மா. அப்பாகிட்டயும் பேசுனாக" என்றாள்.

வகுப்பில் அவள் சொன்னது உண்மை, அதைப் பொய் ஆக்கினேன். வீட்டில் அவள் சொன்னது பொய். அதையும் நான்தான் சொல்ல வைத்தேன்.

நாலு நாள் பொறுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் கிளம்பிவிட்டார் என்றார்கள். நம்பர் வாங்கிக்கொண்டு வந்து, மார்க்கெட் ஓய்ந்த நேரத்தில் போன் போட்டேன். இன்னாருடைய அப்பா என்றேன். அட்டை நாங்கள் செய்ததுதான், பிள்ளை பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும்ங்க. வாலுக்குக் கீழ ஒரு செதில் ஒட்டியிருந்துச்சு" என்றார். பிறகு, "பிள்ளைகிட்ட இதச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்தாள், சாப்பிட்டாள், படுத்துவிட்டாள். மறுநாள் மறுநாள் என்று போய், ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதே இன்னொரு தப்பு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அவள் பதினொன்றாவது. இந்த வருடம் சேர்க்கைப் படிவம் கொண்டுவந்து வைத்து எழுதினாள். பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அவளே மளமளவென்று எழுதினாள். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"அப்பா, உங்க வேலைன்னு கேட்டிருக்கு. என்ன போட?"

சின்ன வயதில் கேட்க மாட்டாள், அவளே எழுதிவிடுவாள். அந்த ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் கூலி என்று போடு என்பேன்.

"மீன் வெட்டுறதுன்னு போடு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "யாராச்சும் கேட்டா?"

"கேட்டா அதத்தான் சொல்லு. நானும் அதத்தான் சொல்லுவேன்."

எழுதினாள். கொஞ்சம் மெதுவாக எழுதின மாதிரி இருந்தது. அந்த அட்டை விஷயத்தையும் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன்.