மட்டையில் படாத பந்து

ஆத்மநாதன் தன் ஆயுளில் சொன்ன பொய்களை எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது சாதாரண விஷயமில்லை. லீவு லெட்டரில்கூட வராத காய்ச்சலை வந்ததாக எழுத மாட்டான். அப்பேர்ப்பட்டவன் இருபது வயதில், வாயையே திறக்காமல் ஒரு பொய் சொன்னான். அதற்குப் பிறகு பத்து வருஷம் அவனுக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவன். புதுக்கோட்டையில் கல்லூரிப் படிப்பு, ஹாஸ்டல் வாசம். அரிமளத்துச் சேவுகன் அவனுக்கு அறைத்தோழன். இருவரும் ஹாக்கி டீமில் இருந்தார்கள். சேவுகன் சென்டர் ஹாஃப், நடுவில் நின்று பந்தை முன்னால் அடித்துக் கொடுக்கிற ஆள். அவன் அடித்தால் பந்து போகிற சத்தம்தான் கேட்கும், பந்து கண்ணுக்குத் தெரியாது. ஆத்மநாதன் சென்டர் ஃபார்வர்ட், அதாவது கோல் போட வேண்டிய ஆள். அந்த வருஷம் பூராவும் அவன் போட்டது ஒன்றே ஒன்று. அதுவும் எதிராளியின் கோல் கீப்பர் கால் தடுக்கி விழுந்த புண்ணியத்தில்.

1953இல் திருச்சிக் கல்லூரி ஒன்றோடு இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது சேவுகன் தூரத்திலிருந்து ஓங்கி ஓர் அடி கொடுத்தான். கோலுக்கு முன்னால் சுண்ணாம்பில் போட்ட அரைவட்டத்துக்கு வெளியே நின்று அடித்த அடி அது. ஹாக்கியில் ஒரு சட்டம் உண்டு: வெளியிலிருந்து வருகிற பந்து, வட்டத்துக்குள் நிற்கிற சொந்த ஆள் ஒருவனின் மட்டையில் பட்டால்தான் கோல். படாமல் உள்ளே போனால் கணக்கில் வராது. வட்டத்துக்குள் ஆத்மநாதன் நின்றான். மட்டையை வீசினான். பந்து ஒரு சாண் தள்ளிப் போய், தரையில் துருத்திக்கொண்டிருந்த சரளைக்கல்லில் மோதி, சட்டென்று திரும்பிக் கோலுக்குள் புகுந்துவிட்டது. கல்லை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

அம்பயருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புதுக்கோட்டைக் கல்லூரிப் பையன்கள் ஆட்டத்தில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. காலில் பட்டால்கூடத் தாங்களாகவே ஒத்துக்கொள்வார்கள். மட்டையில் பட்டிருந்தால் மட்டையைத் தூக்கிக் காட்டுவது அவர்கள் வழக்கம். அந்தப் பேரை நம்பித்தான் அம்பயர் ஆத்மநாதனைத் திரும்பிப் பார்த்தார். மைதானமே அவனைப் பார்த்தது. மட்டையைப் பிடித்த அவன் கை தானாக மேலே போனது.

விசில் ஊதியாயிற்று, கோப்பையும் வந்தாயிற்று. அவனைத் தோளில் தூக்கியவர்களில் முதல் ஆள் சேவுகன்.

சாயங்காலம் அறையில் சேவுகன் மெதுவாகக் கேட்டான். "நெசத்தச் சொல்லு மாப்ளே. ஒன் மட்டையில பட்டுச்சா?"

"பட்டுச்சுடா. லேசா."

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் சேவுகன் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். வெளியே மூச்சு விட்டிருக்க மாட்டான். இது ஆத்மநாதனுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

மறு மாதம் யுனிவர்சிட்டி டீமுக்கு இந்தக் கல்லூரியிலிருந்து ஓர் ஆளைத்தான் எடுத்தார்கள். கோல் போட்டவன் என்று ஆத்மநாதனை எடுத்தார்கள். அப்போதுதான் சேவுகனுக்குப் பொறுக்கவில்லை. மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டான்.

"அது என் கோலு! அவன் மட்டையில படவே இல்ல!"

"படலேன்னா அது கோலே இல்லடா. கப்பத் திருப்பிக் குடுத்துட்டு வாரியா?" என்று மற்றவர்கள் பாய்ந்தார்கள்.

பாவம் சேவுகன். அவன் சொல்வது உண்மையென்றால் அவனுக்கும் கோல் இல்லை. வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று பேர் வைத்தார்கள். பந்தி விசாரிக்கிற சமையல்காரர்கூட அந்தப் பேரைச் சொல்லிக் கேலி செய்தார். ஆத்மநாதன் தலையைக் குனிந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தான். சேவுகன் அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. பரீட்சை முடிந்த அன்றைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான்.

யுனிவர்சிட்டி டீம் சர்டிபிகேட்டைப் பார்த்து, ஹாக்கிப் பைத்தியமான ஓர் அதிகாரி ஆத்மநாதனுக்கு வேலை கொடுத்தார். கல்யாணம் ஆனது. சேவுகன் விலாசம் எழுதிய பத்திரிகையைத் தபாலில் போடாமலே வைத்திருந்தான். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அந்த ஆட்டம் முடிந்து ஒன்பதாவது வருஷம் மனைவி சொர்ணவல்லியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் மோவாயில் கை வைத்தாள்.

"இதுக்கா தட்டு முன்னாடி ஒக்காந்து மோட்டுவளையப் பாக்குறீங்க? பஸ் ஏறிப் போயி ஒத்த வார்த்தை சொல்லிட்டு வாங்க."

அதற்கும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிமளத்துக்குப் பஸ் ஏறினான். 'படவில்லை சேவுகா, நான் பொய் சொன்னேன்.' வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

சேவுகன் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஆளைக் கண்டதும் கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

"மாப்ளே! நானே வரணும்னு இருந்தேன். செங்கமலம், யாரு வந்திருக்காக பாரு!"

மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ஆத்மநாதன் வாயைத் திறந்தான். அதற்குள் சேவுகன் ஆரம்பித்துவிட்டான்.

"போன மாசம் திருச்சியில, பைனல்ல ஆடுன அந்தக் கோல் கீப்பரப் பாத்தேன். 'பந்து இங்கிட்டு வந்துச்சு, படக்குன்னு அங்கிட்டுத் திரும்பிருச்சு. ஒங்க ஆளு மட்டை படாம எப்படிய்யா திரும்பும்?'னு கேட்டான். எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி ஆயிருச்சு. பத்து வருசமா ஒன்னையப் பொய்யன்னு இவகிட்டக்கூடச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. எனக்கு வயித்தெரிச்சல்தான் மாப்ளே. மெஸ்ஸுல அவய்ங்க சொன்னது சரிதான்."

ஆத்மநாதன் மோரைக் கீழே வைத்தான். கல் என்று ஒரு சொல் சொன்னால் போதும். செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேவுகன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"என்னைய மன்னிச்சேன்னு இவ முன்னால ஒரு வார்த்தை சொல்லிரு."

ஆத்மநாதன் சொன்னான்.

"மன்னிச்சேன்டா."